இருபது அடுக்கில் அடைத்த ஓட்டை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: நான் எழுத உட்கார்ந்தது கதை அல்ல. சிறிய மோட்டார் படகைக் கரையில் நிறுத்தி வைப்பவர்களுக்கு ஒரு பக்கக் குறிப்பு. அதன் முதல் வரி: ‘பின்பலகையின் அடியில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை இருக்கும், கண்டு பயப்பட வேண்டாம்.’ எழுதியதும் ஒரு சந்தேகம். ஓட்டையைக் கண்டு யார் பயப்படுவார்? அந்த ஆளைத் தேடிப் போனேன். குறிப்பு நின்றுபோனது.

(பின்பலகை என்பது படகின் பின்பக்கம் நெட்டுக்குத்தாக நிற்கும் சுவர். மோட்டார் அதில்தான் தொங்கும். வெளியேயும் உள்ளேயும் ஃபைபர் தோல், நடுவே ப்ளைவுட். ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே — வேண்டாம், உவமை இல்லாமலே புரிகிறது.)

2

முதல் தொடக்கம்: ‘சமையல்காரர் ஒருவர் அந்த ஓட்டையைப் பார்த்தார். எலிதான் என்று —’

நகரவில்லை. எலிப்பொறி வைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

இரண்டாம் தொடக்கம்: ‘பல் டாக்டர் அந்த ஓட்டையைப் பார்த்தாள்.’

நகர்ந்தது. சொல்லப்போனால், என்னை இழுத்துக்கொண்டு ஓடியது.

படகு அவள் தம்பியுடையது. மூன்று மாத வேலையாக வெளியூர் கிளம்பியவன், மோட்டாரைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, படகை இழுவண்டியோடு அக்காவின் மருத்துவமனைப் பின்முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தினான்.

“அக்கா, நீ ஒண்ணுமே பண்ண வேணாம். தொடாம இருந்தா போதும்.”

“உன் படகை யாருடா தொடப் போறா? முதல்ல அதை வித்துத் தொலை. தண்ணியில போறதுக்கு நீ என்ன வாத்தா?”

தொடக்கூடாது என்றுதான் இருந்தாள். ஆனால் இருபத்திரண்டு வருடமாக ஓட்டை என்றால் நோய் என்றே பழகிய கண் அது. இந்த ஓட்டையின் விளிம்பு வேறு கறுத்துப் போயிருந்தது. குச்சியால் குத்தினாள், மெத்தென்று உள்ளே போனது. மறுநாள் மதிய இடைவேளையில் கருவித் தட்டோடு முற்றத்துக்கு வந்து குந்தி உட்கார்ந்தாள்.

3

இங்கே எனக்கே அவள்மேல் சந்தேகம். படித்தவள் இப்படிச் செய்வாளா?

செய்வாள். அதுவும் சுத்தமாகச் செய்வாள். கறுத்ததைச் சுரண்டினாள், காற்றடித்து உலர்த்தினாள், பல்லை அடைக்கும் அதே பசையை வைத்தாள். ஒரே தடவையில் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வைத்தால் அந்தப் பசை உள்ளே இறுகாது. அதை இறுக்கும் நீல விளக்கின் ஒளி அவ்வளவு ஆழம்தான் போகும். பலகையின் கனம் நான்கு சென்டிமீட்டர். ஆக இருபது அடுக்கு, இருபது முறை விளக்கு. கடைசியில் படகின் வெள்ளைக்குப் பொருந்த நிறம் தேர்ந்தெடுத்து, பளபளவென்று தேய்த்தும் விட்டாள்.

(நியாயமாகச் சொன்னால், முக்கால்வாசி அவள் செய்தது சரி. ஓட்டையின் விளிம்பில் மரம் வெளியே தெரியக்கூடாது. ஈரம் அங்கேதான் நுழையும். சுரண்டி, உலர்த்தி, பிசின் பூசி, ஒரு குழாயைப் பதித்து — ஓட்டையை ஓட்டையாகவே விட்டிருக்க வேண்டும். படகு தண்ணீரில் இருக்கும்போது அதற்குத் திருகுமூடி. கரையில் இருக்கும்போது அது திறந்தே இருக்க வேண்டும். இதைச் சொல்லத்தானே நான் உட்கார்ந்தேன்!)

மழை வந்தது. படகு தொட்டியாக நிரம்பியது. டாக்டர் குடையோடு வந்து, பின்பலகையின் வெளிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். ஒரு சொட்டுக் கசிவு இல்லை. அன்று அவளுக்கு இருந்த பெருமையை நான் கெடுக்க விரும்பவில்லை.

4

கெடுத்தவர் படகு மெக்கானிக். கன்னம் வீங்கிப்போய், பல் பிடுங்க வந்தவர். நாற்காலியில் சாய்ந்தபடி ஜன்னல் வழியே முற்றத்தைப் பார்த்தார்.

“டாக்டரம்மா, அது படகா, நீச்சல் குளமா?”

“ஓட்டையா இருந்துச்சு. அடைச்சிட்டேன்.”

அவர் வலியை மறந்து எழுந்துவிட்டார்.

“ஐயோ, அது தண்ணி வெளிய போற வழிம்மா! அதை அடைச்சா அது எங்க போகும்?”

எங்கே போகும் என்றால், இங்கே: தண்ணீர் உள்ளே ஏறி, மோட்டார் மாட்டும் போல்ட்டுகளைத் தொட்டது. கழற்றிய போல்ட்டுகளை மறுபடி செருகியபோது தம்பி சுற்றிலும் பசை பூசவில்லை. அந்த இடுக்கு வழியே ப்ளைவுட்டுக்குள் இறங்கியது. மெக்கானிக் சுத்தியல் பிடியால் தட்டினார். மேலே டக், டக். இடது கீழ் போல்ட்டுக்குப் பக்கத்தில் தொப்.

“ஏற்கனவே கொஞ்சம் ஈரம் இருந்திருக்கும். இப்போ நல்லா ஊறிடுச்சு. இதுல மோட்டாரை மாட்டி வேகமா போனா, மோட்டார் தனியா போகும், படகு தனியா நிக்கும். தோலை வெட்டி மரத்தை மாத்தணும், ரெண்டு வாரம் ஆகும். ஆனா படகுக்காரர் சொல்லாம நான் வெட்ட மாட்டேன்.”

வீக்கம் வடிய நான்கு நாள் மாத்திரை கொடுத்து அவரை அனுப்பினாள். தண்ணீரை இறைத்தாள். தன் இருபது அடுக்கையும் தானே குடைந்தெடுத்தாள். பிறகு தம்பிக்கு ஃபோன் செய்து, “சாப்பிட்டியாடா?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். தன் தப்பை அவனிடம் ஒப்புக்கொண்டு அவளுக்குப் பழக்கமே இல்லை.

5

முடிவு ஒன்று: அவள் வாயே திறக்கவில்லை. தம்பி தன் மனைவியையும் மாமியாரையும் ஏற்றிக்கொண்டு போகிறான். நடுத்தண்ணீரில் மோட்டார் பிய்த்துக்கொண்டு, மாமியார் —

என்னால் முடியாது. அந்த அம்மாள் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை.

முடிவு இரண்டு: மெக்கானிக் ஒரே ராத்திரியில் ரகசியமாகச் சரிசெய்துவிடுகிறார். ஊறிய மரம் ஒரு ராத்திரியில் காயாது. வேறு எதில் வேண்டுமானாலும் பொய் சொல்வேன், இதில் மாட்டேன்.

முடிவு மூன்று: அவள் சொல்லிவிடுகிறாள். ஐந்தாம் நாள் காலை, வெளியூர் வேலை முடிந்து மோட்டாரோடு வந்து இறங்கிய தம்பியிடம், ஒரே மூச்சில்.

தம்பி சிரித்தான்.

“நீயா தப்பு பண்ண? போ அக்கா! படகை விக்க வைக்கிறதுக்கு என்னெல்லாம் கதை கட்டுற!”

நான்கு நாள் வெயிலில் படகு அவன் விட்டுப்போனபடியே காய்ந்து கிடந்தது. ஓட்டை இருந்த இடத்தில் ஓட்டை. அவனும் தட்டிப் பார்த்தான். அவன் காதுக்கு எல்லாம் ஒரே சத்தம்தான்.

“இவரைக் கேளுடா!”

மெக்கானிக் ஆமாம் என்று பலமாகத் தலையை ஆட்டினார். பல் பிடுங்கிப் பத்து நிமிடம்தான் ஆகியிருந்தது. வாய் நிறையப் பஞ்சு, அரை மணி நேரம் பேசக்கூடாது. (என் வசதிக்காகத்தான். மன்னியுங்கள்.)

“நீ சொன்னா உன் பேஷண்ட் ஆட்டத்தானே செய்வாரு. நகரு, படகுத்துறையில மாமியார் வெயில்ல நிக்கறாங்க.”

அவன் மோட்டாரைத் தூக்கினான். டாக்டர் உள்ளே ஓடினாள். திரும்பி வந்தபோது கையில் துளைபோடும் கருவி.

“என்ன பண்ற? என் படகுல ஓட்டை போடுவியா!”

“ஒரே ஒரு ஓட்டைடா. காஞ்ச மரம் வந்தா நான் பொய்க்காரி. நீ போ.”

“வந்தா இனிமே என் படகைப் பத்தி வாயே திறக்கக் கூடாது.”

“சரி.”

இடது கீழ் போல்ட்டுக்கு இரண்டு விரல் கீழே முனையை வைத்தாள். தன் தப்பு வெளியே வந்துவிட வேண்டும் என்று வாழ்க்கையில் முதல்முறையாக வேண்டிக்கொண்டாள்.

முனை சுழல்கிறது. வெள்ளைத் தூள் முதலில். அது ஃபைபர், பொருட்படுத்த வேண்டாம். இதோ மரத்தைத் தொட்டுவிட்டது. வெளிறி உதிர்ந்தால் காய்ந்தது. கறுத்து ஒட்டினால் ஊறியது. நிறத்தை நான் எழுதப்போவதில்லை. என் பேச்சையும் அவன் நம்ப மாட்டான். அவள் பக்கம் பேசுகிறேன் என்பான். நீங்கள் மூன்றாம் மனிதர். கையை நீட்டுங்கள், விழுவதை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து நசுக்குங்கள். பிறகு அவனிடம் நீங்களே சொல்லுங்கள். சீக்கிரம், மோட்டார் இன்னும் அவன் தோளில்தான் இருக்கிறது.