மர்ஜானின் தொட்டி

வளைகுடாவில் டால்பின் காட்சி நடத்திய முதலாளி கடையை இழுத்து மூடியபோது, எல்லாரையும் ஊருக்கு அனுப்பிவிட்டு தாஜ் முகம்மதுவை மட்டும் நிறுத்திக்கொண்டான். மிச்சமிருந்த ஒரே ஒரு டால்பினுக்கு மீன் போட ஆள் வேண்டுமே! பாஸ்போர்ட் முதலாளியின் கையில். வேறு ஆள் வந்ததும் அனுப்புகிறேன் என்கிறான். அந்த ஆளைத்தான் காணோம்.

மேலப்பாளையத்தில் இருக்கும் தாஜின் மனைவி அஸீலாவுக்கு அந்த டால்பின்தான் ஆராய்ச்சி. பெயர் மர்ஜான். அடைத்துவைத்த கடல் பிராணிகள் செய்ததையே ஏன் திரும்பத் திரும்பச் செய்கின்றன என்று பாளையங்கோட்டைக் கல்லூரியில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்கிறாள். தாமிரபரணிக் கரையில் உட்கார்ந்துகொண்டு டால்பினுக்கு எங்கே போவது? புருஷன் எடுத்து அனுப்பும் வீடியோதான் கதி.

மர்ஜான் இடப்பக்கமாகவே சுற்றும். தொட்டிக் கதவு வந்ததும் மூக்கால் ஓர் இடி. மறுபடியும் சுற்று. ஆனால் தாஜ் பேச்சுக் கொடுத்தால் போதும், எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவனிடம் வந்து நிற்கும். அவனும் ஊர்க்கதையை எல்லாம் அதனிடம் கொட்டுவான். பேசுவதற்கு அங்கே அவனுக்கு வேறு நாதியில்லை.

"நீங்க பேசினா அது நின்னுபோவுது மச்சான். ஆராய்ச்சி கெட்டுப்போவும். கேமராவ வச்சிட்டு ஒதுங்கிக்கிடுங்க, வாயத் தொறக்காதீங்க" என்று அஸீலா கறாராகச் சொன்னாள். அவனும் பேச்சை நிறுத்திவிட்டான்.

ஒரே வீடியோவை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்துக் குறித்து, பிறகு ஒப்பிட வேண்டும் என்பது இந்த வேலையின் முறை. இன்று பேராசிரியை ஜெபராணி பார்த்து முடித்தார். அஸீலா குறித்ததோடு ஒத்துப்போகவில்லை.

"ஏட்டி, ரெண்டாவதா இன்னொண்ணு இருக்குதே, அத ஏன் விட்டுட்ட?"

"ஒண்ணுதான் மேடம் இருக்குது."

"அப்ப அங்கன, கண்ணாடிக்குப் பின்னால, போயிப் போயி வாரது எது?"

தொட்டியின் மறுபக்கக் கண்ணாடியில் கலங்கலாக ஒரு நிழல். போயிற்று, ஓரத்தில் முட்டியது, திரும்பியது. மறுபடியும் போயிற்று. அஸீலா படத்தைப் பெரிதாக்கினாள். பெருநாளுக்கு அவள் வாங்கி அனுப்பிய கட்டம்போட்ட சட்டை தெரிந்தது.

பதறிப்போய்ப் பழைய வீடியோக்களைத் திறந்தாள். பேசாதே என்று சொன்ன புதிதில் அவன் சும்மாதான் நின்றான். பிறகு நடக்கத் தொடங்கினான். பிறகு கண்ணாடியின் ஓரத்தில் நின்ற இரும்புக் கம்பியில் நெற்றியை இடிக்கத் தொடங்கினான். மர்ஜானையே பார்த்துக்கொண்டிருந்த பாழாய்ப்போன கண்ணில் இது எதுவும் படவில்லை.

ஜெபராணியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தாஜுக்குப் போனைப் போட்டாள்.

"மச்சான், எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன் புள்ள." நடுவே டங் என்று ஒரு சத்தம்.

"மர்ஜான்கிட்ட பேசுங்க மச்சான். எப்பவும் போல பேசுங்க."

"ஆராய்ச்சி கெட்டுப்போவுமே?"

"கெட்டு நாசமாப் போவட்டும்! பேசுங்க!"

"என்னத்த பேச?" என்றான் தாஜ். "ஒண்ணும் வரமாட்டேங்குது புள்ள."

டங்.

"அல்லாவுக்காக நடக்கிறத நிறுத்துங்க மச்சான்!" என்று அஸீலா கதறினாள். "ஒரு எடத்துல நில்லுங்க!"

"என்ன புள்ள சொல்லுத?" அவன் குரலில் நிஜமாகவே ஆச்சரியம் இருந்தது. "நான் நின்னுக்கிட்டுதான இருக்கேன்."

டங்.