பாத்தாச்சு, ஏறுடே

மரியான் கட்டின மூங்கில் சாரத்தில் ஆனை ஏறினாலும் அசையாது என்று மார்த்தாண்டத்துக் கொத்தனார்மாரெல்லாம் சொல்வார்கள். அந்தப் பேச்சுதான் அவனைக் கெடுத்தது.

எங்கள் ஜில்லா மலையாளச் சீமையை விட்டு மெட்ராஸோடு சேரப்போகிற சமயம். அந்த நாளுக்குள் சந்தை முக்கிலிருந்த மாடிக் கடைக்கு வெள்ளையடித்து முடிக்கவேண்டுமென்று முதலாளி குதியாய்க் குதித்தார். முந்தின ராத்திரி நல்ல மழை. காலையில் சுள்ளென்று வெயில். நனைந்த கயிறு காய்ந்தால் முடிச்சு இளகும். சாரம் கட்டினவன்தான் முதலில் ஏறி, ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்து, பலகையில் ஓங்கிச் சவுட்டி மிதித்து நிற்கவேண்டும். அப்புறம்தான் மற்றவன் கால் வைப்பான். மரியானுக்கு இது தெரியாததா? இருபது வருசமாகச் செய்கிற காரியம்!

அன்றைக்கென்று பார்த்து எதிர்த்த சாயாக்கடையில் தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் நமக்குக் கிடைக்காமல் போன பேச்சு. மரியான் கையில் கிளாசை வைத்துக்கொண்டு நாட்டையே பங்கு வைத்துக்கொண்டிருந்தான். வெள்ளையடிக்கிற சிவதாணு சுண்ணாம்பு வாளியோடு வந்து கேட்டான்.

"மரியானே, முடிச்செல்லாம் பாத்தியா?"

"பாத்தாச்சு, ஏறுடே."

சாயா ஆறுவதற்குள் பலகை சரிந்தது. சிவதாணுவுக்கு வலதுகால் முறிந்துபோயிற்று. ஓடிப்போன மரியான் முதலில் என்ன செய்தான் தெரியுமா? கூட்டாளியைத் தூக்கவில்லை, அண்ணாந்து முடிச்சைப் பார்த்தான். கயிறு அவிழ்ந்து சும்மா தொங்கியது. விழுந்த வேகத்தில் தெறித்திருக்கும் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். "காலு பிசகிட்டு, பாவம்" என்றார்கள். மரியான் வாயைத் திறக்கவில்லை, பாவி!

அதற்கப்புறம் சோறு இறங்கினால்தானே? கோயிலில் முழங்காலிட்டாலும் காதுக்குள் தன் குரலே கேட்டது. பதினொரு நாள் கழித்து, ஒரு சீப்பு மட்டிப்பழம் வாங்கிக்கொண்டு திருவட்டாற்றிலிருந்த சிவதாணு வீட்டுக்குப் போனான்.

சிவதாணு காலில் கட்டோடு படுத்திருந்தான்.

"வாளி, சுண்ணாம்பு மட்டையெல்லாம் மச்சினனுக்குக் குடுத்தாச்சு மக்கா. இனி நான் ஏறமாட்டேன். நீ பாத்த சாரத்துலயே எனக்க காலு பிசகிச்சுன்னா, இந்தக் காலை இனி எப்படி நம்புவேன்? கண்ணை மூடினாலே நடுங்குது."

மரியான் பழச்சீப்பைக் கட்டிலோரம் வைத்தான்.

"நான் பாக்கல்ல."

"என்னத்த?"

"முடிச்சு ஒண்ணையும் பாக்கல்ல. பொய் சொன்னேன். ஒனக்க காலு பிசகல்ல சிவதாணு. நான் போட்ட முடிச்சுதான் இளகிச்சு."

அடிப்பான் என்று நினைத்தான். அடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். சிவதாணு முழங்கையை ஊன்றி எழும்பினான், முகமெல்லாம் வெளிச்சம்.

"ஏட்டி சொர்ணம், கேட்டியா! எனக்க காலு பிசகல்லியாம்!" என்று அடுக்களையைப் பார்த்துக் கத்தினான். கத்தும்போதே அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

அவன் பெஞ்சாதி சொர்ணம்மாள் ஈரக்கையோடு வந்து நின்றாள். புருசனைப் பார்த்தாள், மரியானைப் பார்த்தாள்.

"இந்த மனுசன் தன் காலையே ஏசிக்கிட்டுக் கெடந்தாரு. இத ஒரு வார்த்தை சொல்ல ஒங்களுக்குப் பதினொரு நாளாச்சா அண்ணே?"

அவள் பழத்தை எடுத்து மரியான் கையிலேயே திரும்ப வைத்தாள்.