ஐந்து பேர் வாசல்

ரேணுகா கேம் விளையாடுகிறாள் என்று தெரிந்ததும் லயத்து வரிசை வீடுகளில் சிரிக்காதவர்கள் இல்லை. பந்தலூருக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள், நாற்பதைத் தாண்டியவள், வேலை விட்டதும் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பாறையில் ஏறி உட்கார்ந்து போனில் வாள் வீசினால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? சிரித்துவிட்டுப் போகட்டும். சிரிப்பைப் பற்றிக் கவலைப்பட அவளுக்கு நேரமில்லை. அவள் மகனைத் தேடிக்கொண்டிருந்தாள்.

யுவன் கோயமுத்தூரில் காலேஜ் படித்தான். அரியர் மேல் அரியராக விழுந்ததை ஒரு வருஷம் மறைத்தான். தெரியவந்த அன்று அவன் அப்பா சுரேந்திரன், "இனிமே இந்த வாசல்ல கால் வைக்காத" என்று போனிலேயே கத்தினார். கோபம் வந்தால் எந்த அப்பாவும் சொல்கிற சொல்தான். பிள்ளைகளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இந்தப் பிள்ளை எடுத்துக்கொண்டது. ரூமைக் காலி செய்தான், நம்பரை மாற்றினான், ஆளைக் காணோம். சினேகிதர்களைக் கேட்டார்கள், ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு தகவலும் வரவில்லை. சுரேந்திரன் அதன் பிறகு பேசுவதையே குறைத்துக்கொண்டார்.

பக்கத்து வீட்டு சுகந்திதான் ஒருநாள் தன் போனோடு ஓடி வந்தாள். முன்பு லயத்துப் பிள்ளைகளெல்லாம் சேர்ந்து ஒரு கேம் விளையாடுவார்கள். கோட்டை என்றுதான் அதைச் சொல்வார்கள். சுகந்தி எதற்கோ அதைத் திறந்திருக்கிறாள். யுவன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

"அக்கா, உசுரோடதான் இருக்கான். பாருங்க, இப்ப இந்த நிமிசம் விளையாடிட்டு இருக்கான்."

ரேணுகா அந்தப் புள்ளியை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

"வரச் சொல்லு சுகந்தி. மார்க்கப் பத்தி யாரும் ஒண்ணும் கேக்க மாட்டோம்னு எழுது."

"எழுதிப் பாத்துட்டேங்க்கா. மெசேஜே வராத மாதிரி பூட்டி வெச்சிருக்கான். கேமுக்குள்ள அவன் முன்னால போய் நின்னாத்தான் உண்டு. அவன் இருக்கிறது வடக்குக் கோட்டை. அங்க போறதுக்கு அஞ்சு பேர் வாசலத் தாண்டணும், அஞ்சு பேரு சேந்தாத்தான் முடியும். எனக்குக் கைப்பிள்ளைய வெச்சுக்கிட்டு முடியாது."

"நான் போறேன்."

அப்படித்தான் சுகந்தியின் பழைய கேம் பெயரான 'சுகா' ரேணுகாவின் போனுக்கு வந்தது. மைக்கை அழுத்திப் பேசினால் போனே எழுதிக்கொள்ளும் என்று சுகந்தி காட்டிக்கொடுத்தாள். சிக்னல், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற கொட்டகைக்கு மேலே இருந்த பாறையில்தான் கிடைக்கும். மூடுபனியில், அட்டைக்கடியில், ரேணுகா அங்கே உட்கார்ந்து நடக்கவும் அடிக்கவும் விழுந்து எழவும் படித்தாள். சாரல் அடித்தால் சுரேந்திரன் பின்னால் வந்து போன் நனையாமல் குடை பிடிப்பார். எதுவும் கேட்க மாட்டார். அவளும் எதுவும் சொல்ல மாட்டாள். அவர் மேல் அவளுக்கு இருந்த கோபத்தைச் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த முடியாது.

வாசலைத் தாண்டினால் கோட்டைக்கு ஏறிப் போக ஐந்து கல்பாதைகள். ஆளுக்கு ஒரு பாதை. அதில் நிற்கிற பூதங்களை அடித்துக்கொண்டே மேலே போக வேண்டும்; ஐந்து பாதையும் சுத்தமானால் கோட்டைக் கதவு திறக்கும். ரேணுகாவுக்கு இது பழகிய விஷயம் மாதிரியே இருந்தது. தோட்டத்திலும் ஆளுக்கு ஒரு நிரைதான், ஒரு வரிசைச் செடிதான். ஆனால் அங்கே தன் நிரை முடிந்தவள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதில்லை. பின்தங்கினவளின் நிரைக்குள் மேலிருந்து இறங்கி, எதிரே பறித்துக்கொண்டு வருவாள். இருவர் கையும் சந்திக்கும் இடத்தில் அந்த நிரை முடியும். கடைசி நிரை முடியாமல் யாரும் வீட்டுக்குப் போவதில்லை.

ரேணுகா கேமிலும் அதையே செய்தாள். தன் பாதையை முடித்தாள், திரும்பினாள், திணறிக்கொண்டிருந்தவனின் பாதைக்குள் மேலிருந்து இறங்கினாள். ஒரு பாதையில் இரண்டு பேர் நின்றால் எல்லாப் பாதையிலும் பூதங்கள் இரட்டிக்கும் என்பது அந்தக் கேமின் சட்டம். ஐந்து பேரும் செத்தார்கள். எங்கிருந்தோ விளையாடிய நான்கு பேரும் அவளைத் திட்டித் தீர்த்துவிட்டு வெளியே தள்ளினார்கள்.

சட்டம் தெரிந்த பிறகும் அவளால் சும்மா நிற்க முடியவில்லை. ஒருவன் விழுகிறான், இவள் மேலே நின்று வேடிக்கை பார்ப்பதா? கால் தானாகத் திரும்பிவிடும். 'சுகாவைச் சேர்க்காதே' என்று வாசலில் எல்லோருக்கும் தெரிந்துபோனது. வாசலோ சந்தை மாதிரி ஜேஜே என்றிருக்கும். அத்தனை பேரிடமும் போய் நின்று, "எம்புள்ள உள்ள இருக்கான் சாமி, ஒரு தடவ கூட்டிட்டுப் போங்க" என்று கெஞ்சினாள். சிரிக்கிற பொம்மை முகங்களை அனுப்பினார்கள்.

அப்புறம்தான் அந்த அப்டேட் வந்தது. சுகந்தி வாசித்துச் சொன்னாள்: நேரமில்லாதவர்கள், துணையில்லாதவர்கள், எப்போதாவது விளையாடுகிறவர்கள் எல்லோரும் இனி தனியாகவே எளிதாகப் போகலாம். யாரையும் எதிர்பார்க்க வேண்டாம். கம்ப்யூட்டரே நான்கு பேரைத் துணைக்கு அனுப்பும்.

ரேணுகா மாரியம்மனுக்குக் கற்பூரம் ஏற்றிவிட்டுப் பாறைக்கு ஓடினாள்.

அந்த நான்கு பேரும் ஒரு குறையும் வைக்கவில்லை. விழவில்லை, திணறவில்லை, திட்டவில்லை. அவள் பழக்கத்தில் திரும்பிப் பார்த்தபோது நால்வரும் அவளோடு சரியாக மேலே வந்து நின்றிருந்தார்கள். கதவு திறந்தது. அவள் உள்ளே ஓடினாள்.

கோட்டையில் ஒருவரும் இல்லை.

பெயரைப் பார்த்தாள். பச்சைப் புள்ளி எரிந்தது. யுவன், வடக்குக் கோட்டை. அவளும் அங்கேதான் நிற்கிறாள். ஒவ்வொரு மாடமாக ஏறினாள், ஒவ்வொரு முற்றமாக ஓடினாள். "யுவா, யுவா" என்று மைக்கை அழுத்திக் கத்திய சத்தத்தில் கீழே லயத்து நாய்கள் குரைத்தன.

சுகந்தி போனை வாங்கித் துழாவிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "அக்கா, தனியாப் போறவங்களுக்குத் தனித்தனிக் கோட்டையாம். நீங்க நிக்கிறது உங்களுக்கு மட்டும்தான். அவன் பழைய பாதையில போனவன், அவன் இருக்கிறது பொதுக் கோட்டை. பழைய வாசல் வழியாப் போனாத்தான் அவனப் பாக்க முடியும்."

பழைய வாசலுக்குப் போனாள். சந்தை கலைந்திருந்தது. எல்லோரும் தனித்தனியாகச் சௌகரியமாகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கேமை நடத்துகிறவர்கள் நல்லதைத்தான் செய்தார்கள், குற்றம் சொல்ல முடியாது. ஆனால் திட்டுவதற்காவது நான்கு பேர் இருந்த இடத்தில் இப்போது காற்றுச் சத்தம் மட்டும் இருந்தது. ரேணுகாவுக்கு அன்றைக்குத்தான் முதல் தடவையாக, இனி முடியாது என்று தோன்றியது. போனைப் பாறையில் அடித்து உடைக்கக் கை ஓங்கினாள். சுரேந்திரன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் புள்ளியும் போயிருமே" என்றார்.

மறுநாள் ரேணுகா பழைய வாசலுக்குள் தனியாகவே நுழைந்தாள். ஒற்றை ஆளை அது தடுக்காது. அந்த ஆள் பிழைக்காது, அவ்வளவுதான். தன் பாதையை முடித்து மேலே போனாள். மற்ற நான்கும் அப்படியே கிடந்தன. மேலிருந்து திரும்பி இரண்டாவது பாதைக்குள், கீழே யாரோ பறித்துக்கொண்டு வருவது போல, இறங்கினாள். பாதியில் செத்தாள். மறுபடி நுழைந்தாள். தினமும் அதேதான். இரண்டாவதை முடித்த நாளும் உண்டு, மூன்றாவதை முடித்த நாள் இல்லை. கோட்டைச் சுவரில் நிற்பவர்களுக்கு இந்தப் பாதைகள் தெரியும் என்று சுகந்தி சொல்லியிருந்தாள். அவன் சுவருக்கு வருவானா, குனிந்து பார்ப்பானா, யாருக்குத் தெரியும்? அதுவும் சுகா என்ற பெயரைப் பார்த்தால் சுகந்தி என்றல்லவா நினைப்பான்?

மழை விடாமல் பிடித்திருந்த ஒரு சாயங்காலம் அவள் மூன்றாவது பாதையில் இறங்கிக்கொண்டிருந்தாள். உயிர் கொஞ்சம்தான் மிச்சம். திடீரென்று பூதங்கள் இரட்டித்தன. அவளுக்குப் புரியவில்லை. இரண்டு பேர் நின்றால்தானே இரட்டிக்கும்?

பாதையின் அடியிலிருந்து ஒருவன் மேலே ஏறி வந்துகொண்டிருந்தான். சட்டம் தெரிந்த எவனும் செய்யாத காரியம். லீவு நாளில் அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்து, அவள் நிரையில் எதிர்ப்பக்கமிருந்து பறித்துப் பழகிய பிள்ளைதான் செய்வான். தலைக்கு மேல் பெயர் இருந்தது. யுவன்.

இருவரும் சந்திப்பதற்கு முன்பே விழுந்தார்கள். எட்டித் தொட்டுவிடுகிற தூரம்தான். அவனுடைய பூட்டு திறந்து, எழுத்து வந்தது.

"செவுத்துலருந்து பாத்துட்டு வாசலுக்கு வந்தேன். இது சுகந்தி இல்ல. மேலருந்து யாரும் எறங்க மாட்டாங்க. அம்மாவா?"

மாதக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்த சொல்லெல்லாம் ரேணுகாவுக்கு மறந்துபோயிற்று. மைக்கை அழுத்தினாள்.

"நான்தான் சாமி. நெரை முடிஞ்சிருச்சு. வூட்டுக்கு வா."

நிரை முடியவில்லை என்பது இருவருக்கும் தெரியும். பச்சைப் புள்ளி மட்டும் எரிந்தது. பிறகு பதில் வந்தது.

"அப்பா வாசல்ல கால் வைக்காதன்னாரே."

ரேணுகா திரும்பினாள். சுரேந்திரன் குடையைப் போனுக்கு மேல் பிடித்தபடி முழுக்க நனைந்து நின்றுகொண்டிருந்தார். அவரும் அதை வாசித்திருந்தார்.

"வரச் சொல்லு" என்றார் மெதுவாக.

"சொன்னது நீங்க. நீங்களே சொல்லுங்க."

மைக்கை அழுத்திப் பிடித்துப் போனை அவர் வாயருகே நீட்டினாள். அந்த மனிதர் அதுவரை எந்தப் போனிலும் கத்தாமல் பேசியதில்லை. குனிந்து, தூங்குகிற பிள்ளையை எழுப்புகிற குரலில், ஒரே சொல்தான் சொன்னார்.

போன் அதை எழுதியது: வா.