நாலு நிமிடப் பெட்டி

"தொடாதீங்க தம்பி!"

ப்ளக்கைப் பிடுங்கக் குனிந்த கொழுந்தனின் கை அப்படியே நின்றது. காலையிலிருந்து அவனிடம் வாய் திறக்காத அண்ணி போட்ட முதல் சத்தம் அது.

"அண்ணி, ஆஸ்பத்திரியிலேர்ந்து வண்டி கிளம்பிடுச்சாம். அண்ணனை எங்க படுக்க வைக்கறது? மேசையை உள்ள தள்ளணும். ஒயர் எட்டாது."

"பிடுங்கினா உள்ள இருக்கறது போயிடும்."

"உள்ள என்ன இருக்கு?"

அவளுக்குத் தெரிந்தால்தானே சொல்வதற்கு.

மேசைமேல் பெட்டி விழித்துக்கொண்டிருந்தது. பதினாறு ரப்பர் கட்டைகள், கையகலத் திரை. எந்த ஓசையையும் உள்ளே வாங்கி, வெட்டி, விரலால் தட்டினால் திருப்பித் தரும். நாடகக் குழுக்களுக்கும் கடை விளம்பரங்களுக்கும் அவள் கணவர் இதில்தான் தாளம் செய்துகொடுத்தார். கம்ப்யூட்டர் வேண்டாம், துணைக்கு ஆள் வேண்டாம். ஒரே குறை, அதன் மெமரியில் நாலு நிமிடம்தான் நிற்கும். மெமரி கார்டில் ஏற்றாமல் அணைத்தால் அதுவும் காற்றோடு போகும். நேற்று மாலை அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது அணைக்க யாருக்குத் தோன்றும்? விடியும்போது அவர் போய்விட்டார். பெட்டி மட்டும் போட்டது போட்டபடி எரிந்துகொண்டிருந்தது.

உள்ளேயே ஒரு ஹார்ட் டிஸ்க் பொருத்தினால் மணிக்கணக்கில் நேராகப் பதியலாம் என்று இசைக்கருவிக் கடைக்காரர் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லிச் சொல்லி, இந்த வீட்டில் அவருக்கே டிஸ்க் என்று பெயர் விழுந்துவிட்டது. கணவரோ வாங்குவேன் என்றும் சொல்லமாட்டார், வேண்டாம் என்றும் சொல்லமாட்டார்.

"என்னைக் கட்டிக்க ஒரே நாள்ல முடிவு பண்ணீங்க. ஒரு டிஸ்க்குக்கு ரெண்டு வருஷமா?"

"அன்னிக்கு யோசிக்க எங்க நேரம் கொடுத்தே?" என்பார்.

உண்மையில் குறுக்கே நின்றது அவள்தான். "நாலு நிமிஷத்தையே நாலு நாள் நோண்டறீங்க. மணிக்கணக்கா கிடைச்சா உங்க முகத்தை நான் போட்டோலதான் பாக்கணும்." இப்போது அதை நினைத்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மாடிப்படியில் மூச்சிரைக்கும் சத்தம் கேட்டது. கடைக்காரர். சொந்தக்காரர்களுக்குச் சொல்லும் முன்பே அவருக்குத்தான் போன் செய்திருந்தாள்.

"அண்ணே, அந்த டிஸ்க்கை இப்பவே போட்டுடலாமா?"

"டிஸ்க் போடணும்னா பெட்டியை அணைக்கணும், தங்கச்சி." அவர் பையைத் துழாவினார். "கார்டு கொண்டாந்திருக்கேன். பொறு, முதல்ல என்ன இருக்குன்னு பாப்போம்."

ஹெட்போனை மாட்டிக் கட்டையைத் தட்டினார். சிறிது நேரம் கேட்டார். உதடு சிரிப்பில் விரிந்தது. பிறகு சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என்னண்ணே, பாட்டா?"

"பாட்டா! நீதான். நாலு நிமிஷமும் நீதான் பேசறே. பின்னால உன் தையல் மெஷின்."

அவள் வாங்கி மாட்டினாள். நேற்று மத்தியானம், தைத்த துணிகளைக் கொடுக்கக் கிளம்பும் முன் பேசியது. ஹெட்போனால் காதை மூடி உட்கார்ந்திருந்தவரிடம் பேசுவது சுவரோடு பேசுவதுதான் என்று நினைத்திருந்தாள்.

"…ஒரு மாசமா சொட்டுது. ஒரு ரப்பர் வளையம் மாத்தற வேலை. ஊருக்கெல்லாம் தாளம் போடறீங்க, நம்ம வீட்டுக் குழாய் தனியா தாளம் போடுது. இத்தனை கத்தறேனே, ஒண்ணாவது உங்க காதுல—"

அங்கே நின்றுவிட்டது. மெமரி நிரம்பியிருந்தது.

கடைக்காரர் கார்டைச் செருகினார். திரையில் ஒரு கோடு எறும்புபோல ஊர்ந்தது. கீழே வண்டிக் கதவு திறக்கும் ஓசை.

"அண்ணி, வந்துட்டாங்க."

"ஒரு நிமிஷம் நிக்கச் சொல்லுங்க. இந்த வீட்ல என்னைக்கும் அவசரப்படாத ஆளு அவர் ஒருத்தர்தான்."

கொழுந்தன் படியிறங்கிப் போனான்.

கோடு மறுமுனையைத் தொட்டது. கடைக்காரர் கார்டை உருவி அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். ப்ளக்கை அவளே பிடுங்கினாள். பதினாறு கட்டைகளும் ஒரே நேரத்தில் இருண்டன.

பெட்டியைத் தூக்கியபோது அடியில் மடித்துவைத்த காலண்டர் தாள் ஒன்று இருந்தது. பின்பக்கம் நடுவில் கோடு கிழித்து அவர் கையெழுத்து. 'வேண்டாம்' என்ற பக்கம் நிறைய எழுதியிருந்தார். டிஸ்க் சுழலும் சத்தம் மைக்கில் விழும். பெட்டி சூடாகும். இடம் இருந்தால் குப்பை சேரும். நாலு நிமிடம் என்றால் யோசித்துப் பதிவு செய்வோம். இவள் கோபிப்பாள்.

'வேண்டும்' என்ற பக்கம் ஒரே வரி. இவள் பேச ஆரம்பித்தால் நாலு நிமிடம் பத்தாது.

கடைக்காரர் எட்டிப் படித்தார். "ரெண்டு வருஷமா எத்தனை காரணம் சொல்லிருப்பேன். இது எனக்குத் தோணலையே" என்றார்.

மேசை உள்ளே போனது. அது இருந்த இடத்தில் அவரைப் படுக்க வைத்தார்கள். கொழுந்தன் குனிந்து அண்ணன் தலைமுடியை ஒதுக்கிவிட்டான்.

"அண்ணி, அண்ணன் கண்ணாடி எங்க? ஆஸ்பத்திரியிலயும் இல்ல, இங்கயும் காணோம். கண்ணாடி இல்லாம யாரோ மாதிரி இருக்கு."

"பாக்கறேன்" என்று எழுந்தாள். முதலில் முகம் கழுவிக்கொள்ளலாம் என்று குளியலறைக்குப் போனாள். நேற்று மத்தியானத்துக்குப் பிறகு இப்போதுதான் அங்கே கால் வைக்கிறாள். குழாயைத் திறந்தாள், கழுவினாள், மூடினாள். துடைத்துக்கொள்ளத் துண்டை எடுத்தவள் அப்படியே நின்றாள்.

காத்திருந்தாள். வாளியில் ஒரு சொட்டும் விழவில்லை.

சோப்புத் தட்டில் தேய்ந்து நசுங்கிய பழைய ரப்பர் வளையம் கிடந்தது. அதன் பக்கத்தில், காதுக்கம்பி இரண்டையும் ஒழுங்காக மடக்கி, அவருடைய மூக்குக்கண்ணாடி.