சிரிக்கும் முகம் இல்லாத இடம்

காலையில் சரஸ்வதி கண்ணை மூடியதும் ராஜகுரு அழவில்லை, கைபேசியை எடுத்தார். மனைவியின் படத்தைத் தான் இருக்கிற சின்ன இணையத்தளத்தில் போட்டு, மாலையில் எடுக்கிறோம் என்று எழுதினார். மத்தியானம்வரை அதைப் பார்த்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்; அதிலும் ஒரு விரல் அவருடையது.

வாசலில் வாடகை நாற்காலிகள் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. அருப்புக்கோட்டையில் பருத்திக்கொட்டையும் பிண்ணாக்கும் விற்கிற பெரிய கடைக்காரர் வீட்டில் துட்டி கேட்க வருகிறவர்களுக்கு நாற்காலி பற்றாமல் போவதுதான் வழக்கம்.

நாற்காலி காலியாகக் கிடந்ததுகூடப் பெரிதில்லை. பிறந்த வீட்டுக் கோடி வரவில்லை. இறந்துபோன பெண்ணுக்கு உடன்பிறந்தவன் கொண்டுவந்து போர்த்துகிற புதுச் சேலை அது. அது விழாமல் பெண் பிணத்தை எடுக்க மாட்டார்கள். சரஸ்வதிக்கு ஒரே அண்ணன், திருச்சுழி மணிகண்டன். அவருக்கும் ராஜகுருவுக்கும் பேச்சு அற்றுச் சில வருஷமாகிவிட்டது.

கல்யாணத்துக்குச் சொன்னால் போகணும், சாவுக் கேதத்துக்குக் காதால் கேட்டாலே போகணும் என்பார்கள். அந்தக் கேட்க வைக்கிற வேலையை ராஜகுரு முன்பு பேஸ்புக்கில் ஒரு பக்கம் வைத்துப் பார்த்துவந்தார். பந்தல்குடியில் ஒரு வியாபாரி கடைசி மூச்சை விட்டால், வீட்டுக்காரர்கள் அழத் தொடங்கும் முன்பே படத்தோடு போட்டுவிடுவார். கடைத்தெருவே அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஷட்டரைத் தூக்கும். பிறகு அவருடைய அப்பாவே போய்ச் சேர்ந்தார். அந்தப் படத்துக்குக் கீழே வரிசையாக அழுகிற முகங்கள். நடுவில் ஒரே ஒரு சிரிக்கிற முகம். தொட்டுப் பார்த்தால் மணிகண்டன் பெயர்.

"வெரலு வழுக்கிருச்சு மாப்ள. சிரிக்கிறது, அழுகுறது எல்லாத்தையும் ஒரே வரிசையில வச்சிருக்கான்" என்று மணிகண்டன் தலையிலடித்துச் சத்தியம் செய்தார்.

"ஊரெல்லாம் செத்தப்ப வழுக்காத வெரலு எங்கப்பனுக்கு மட்டும் வழுக்குச்சோ?"

அன்றைக்கே பக்கத்தை ஜெயபாண்டி என்பவரிடம் தள்ளிவிட்டு, தன் கணக்கையும் மூடிவிட்டு, சிரிக்கும் முகமே இல்லாத ஒரு சின்னத் தளத்துக்குக் குடிபோனார் ராஜகுரு. கூடப் போனவர்கள் அவர் பேச்சைத் தட்ட முடியாத உறவுக்காரர்கள் சிலர். பக்கத்துக் கடைச் சங்கரபாண்டியன் மட்டும் இரண்டு இடத்திலும் கால் வைத்திருந்தார்.

"ஏலே, சந்தை கூடுற எடத்துல கடை போடுவாகளா, கடை போட்ட எடத்துக்குச் சந்தையக் கூப்புடுவாகளா?" என்று அவர் அப்போதே கேட்டார்.

"சரக்கு நல்லாருந்தா தேடி வருவான்."

"கேதமாடா சரக்கு?"

ராஜகுரு காதில் வாங்கவில்லை. அங்கே நடந்ததை யாரும் இங்கே பேசக் கூடாது என்று ஒரு சட்டமும் போட்டார். தளத்துக்குப் போட்ட சட்டம் மெல்லக் கடைக்கும் வந்தது. கடையிலிருந்து வீட்டுக்கும் வந்தது.

வெயில் இறங்கத் தொடங்கியது. பந்தல்குடியிலிருந்து வந்திருந்த அத்தை பிச்சையம்மாள், கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள்.

"பொறந்த வீட்டுக் கோடி விழாம எடுத்தா அது அநாதைப் பொணம்யா. மச்சானுக்குச் சொல்லி விட்டியா இல்லியா?"

"போட்டுருக்கேன் அத்த. யாராவது சொல்லிருப்பாக. அவருக்கு ரோசம் இல்லாம இருந்தா வரட்டும்."

சங்கரபாண்டியன் அவர் கையைப் பிடித்துப் பின்கட்டுக்கு இழுத்துப் போனார்.

"யாருக்குலே காத்துக்கெடக்க? மணிகண்டன் செத்து ஆறு மாசமாச்சு."

ராஜகுருவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. "ஏன் சொல்லல?"

"ஜெயபாண்டி பக்கத்துல போட்டுருந்துச்சு. அங்க உள்ளத இங்க பேசுனா கடைவாசல் மிதிக்காதன்னு சொன்னது நீதான? ஒரு நாள் வாயெடுத்தேன். 'அந்தக் கழுதைகள் பேச்சு இங்க எதுக்கு'ன்ன. பேசாமப் போயிட்டேன்."

மனைவியின் பிணத்தைப் போட்டுவிட்டுப் புருஷன் படி இறங்கக் கூடாது. ராஜகுரு இறங்கினார். அண்ணன் இல்லையென்றால் அண்ணன் வீட்டிலிருந்தாவது கோடி வர வேண்டும்; சங்கரபாண்டியன் காரைத் திருச்சுழிக்கு விட்டார்.

மணிகண்டன் சுவரில் மாலையோடு இருந்தார். படத்திலும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். அவர் மனைவி கனகலட்சுமி "வாங்க" என்று சொல்லவில்லை. கேதம் கேட்க வந்தவரை வா என்று சொல்வதில்லை. வழக்கத்துக்காகச் சொல்லவில்லையா, கோபத்திலா என்று ராஜகுருவுக்குத் தெரியவில்லை.

"சரஸ்வதி காலையில போயிட்டாம்மா."

அவள் தூணைப் பிடித்துக்கொண்டாள். "காலையில போனவளுக்கு இப்பத்தான் சொல்ல வழி தெரிஞ்சுச்சா அண்ணே?" என்றாள்.

"மச்சான் போனது எனக்குத் தெரியாது."

"உங்களுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும், எப்பிடியோ காதுல விழுந்திருக்கு. கோயிலுக்குப் போறேன்னு உங்ககிட்டச் சொல்லிட்டு, பத்தாம் நாள் காரியம் முடிஞ்சு பஸ்ஸேறி வந்தா. இந்தச் செவுத்துல சாஞ்சு அழுதா. சத்தம் வராம அழுகப் படிச்சு வச்சிருந்தா அண்ணே."

ராஜகுருவுக்கு அந்த நாள் ஞாபகம் இருந்தது. திருநீறு கொண்டுவந்து அவர் நெற்றியில் பூசினாள். கோயிலில் கூட்டமா என்று கேட்டார். "ஆமா, நல்ல கூட்டம்" என்றாள்.

கனகலட்சுமி பீரோவைத் திறந்து, பிரிக்காத ஒரு சேலையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். அரக்குக் கரை போட்ட பருத்திச் சேலை.

"அன்னைக்கி அவளே கடையில எடுத்துட்டு வந்து குடுத்தது. 'எனக்குக் கோடி போட அண்ணன் இல்ல மதினி. அவுக உங்களுக்குச் சொல்லியும் விட மாட்டாக. எப்பிடியாச்சும் காதுல விழுந்தா இதக் கொண்டாந்து போத்துங்க'ன்னா."

ராஜகுருவின் கை தானாக நீண்டது.

"தொடாதீக. புருஷங்கை படக் கூடாது. உங்களுக்காக இல்ல, அவளுக்காக வாரேன். உங்க வீட்டுல பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன்."

கார் வந்து நின்றதும் பெண்கள் ஒப்பாரியை உயர்த்தினார்கள். கனகலட்சுமி யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே போய்ச் சேலையைப் பிரித்துப் போர்த்தினாள். நாத்தனாரின் கன்னத்தை ஒருமுறை தொட்டுவிட்டு ஒதுங்கி நின்றாள்.

பிச்சையம்மாள் கரையைத் தடவிப் பார்த்தாள். "பொறந்த வீட்டுக் கோடின்னா இப்பிடில்ல இருக்கணும்! அவ நெறத்துக்குன்னு பாத்துப் பாத்து எடுத்துருக்காக. யாரு எடுத்தது தாயி?"

கனகலட்சுமி ராஜகுருவைப் பார்த்தாள்.

"மச்சான் எடுத்து வச்சிட்டுப் போனது அத்த" என்றார் ராஜகுரு.

தூக்குவதற்கு ஆள் போதவில்லை. தெருமுனையில் லோடு இறக்கிக்கொண்டிருந்த இரண்டு பேரைச் சங்கரபாண்டியன் போய்க் கூட்டிவந்தார்.