நாலாம் நாள் மாத்திரை

விழுங்கிய பிறகுதான் எனக்கு நினைவே வந்தது. நாக்கில் வரக்காப்பியின் கசப்பு இருந்தது, கையில் வெறும் காகித மடிப்பு இருந்தது. நாலு மாத்திரையும் உள்ளே போய்விட்டது.

ஏற்காடு மருந்துக் கடையில் செட்டு மாத்திரை என்று கேட்டால் கொடுப்பார்கள். வெள்ளையில் ஒன்று, மஞ்சளில் ஒன்று, ரோஸில் ஒன்று, அப்புறம் மிளகு அளவுக்கு ஒரு குட்டி. எல்லாவற்றையும் துண்டுக் காகிதத்தில் மடித்துத் தருவார்கள். பெயரும் கிடையாது, டாக்டர் சீட்டும் கிடையாது. காப்பிப்பழம் பறிக்கிற மாதங்களில் எங்கள் செம்மநத்தத்துப் பெண்கள் அதைப் போட்டுக்கொண்டுதான் எஸ்டேட்டுக்குப் போவோம். இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்கச் சரிவில் நின்றால் வேறு என்ன செய்வது? பதினேழு வருஷப் பழக்கம். இடுப்பு பிடித்தால் கை தானாகச் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் போகும். இன்றைக்கும் போய்விட்டது. பாழாய்ப்போன கை.

சேலத்து ஆஸ்பத்திரியில் எனக்குள் கருவை வைத்து இன்றோடு நாலு நாள். மூன்று கருக்களில் முன்னால் வைத்த இரண்டும் தங்கவில்லை. இதுதான் கடைசி. எனக்கு முப்பத்தெட்டு வயது, இனி கருமுட்டை எடுக்க வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

டாக்டர் ஜோஸ்லின் நல்ல மனுஷி. அன்றைக்கு ஒரு தாளில் கருப்பையைப் படம் போட்டுக் காட்டினார். "பாருங்க சுஜாதா, உங்க உடம்புக்கு இந்தக் கரு பாதி சொந்தம், பாதி அன்னியம். ரத்தத்துல இருக்கற எதிர்ப்பு செல்லுங்க இங்க வந்து கூடும். துளித் துளியா ரசாயனத்த விட்டு ஒண்ணுக்கொண்ணு சேதி சொல்லிக்கும். அந்தச் சேதி போனாத்தான் கருப்பைச் சுவரு எளகி எடம் குடுக்கும்."

"எதிர்ப்புன்னா சண்டை போட்டுத் தொரத்தறதுதானுங்களே?" என்று கேட்டேன்.

"எப்பவும் இல்ல. இங்க அதுங்கதான் எடம் பண்ணிக் குடுக்கணும். சின்னப் புண்ணு ஆறும்போது லேசா வீங்கும் இல்ல, அந்த மாதிரி கொஞ்சம் வீக்கம் அங்க வேணும். அதனால வலி மாத்திரை, வீக்க மாத்திரை எதையும் தொடக்கூடாது. மூணாம் நாள், நாலாம் நாள் ரொம்ப முக்கியம்."

நான் பெரிய புத்திசாலி மாதிரி தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டிலிருக்கிற மடிப்பைத் தூக்கி எறிய வேண்டும் என்று தோன்றவேயில்லை. அது எங்களுக்கு மாத்திரையே இல்லை, உப்புப் புளி போல அடுப்படிச் சாமான்.

பின்கட்டுக்கு ஓடி, இல்லை, ஓடக்கூடாது என்று நடந்து, தொண்டைக்குள் விரலை விட்டேன். ஒரு முறை குமட்டியது. அடிவயிறு இறுகியதும் விரலை வெடுக்கென்று எடுத்துவிட்டேன். ஒட்டப் பார்க்கிற கரு இந்த இறுக்கத்தில் பிடியை விட்டுவிட்டால்? வாந்தி எடுக்கவும் பயம், எடுக்காமல் இருக்கவும் பயம். சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். மாத்திரை இந்நேரம் கரைந்து ரத்தத்தில் போய்க்கொண்டிருக்கும், அந்தச் செல்களின் வாயை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டிருக்கும். ஐயோ சாமி, என் கையாலேயே இப்படிப் பண்ணிக்கொண்டேனே.

எங்கள் வீட்டில் டவர் எடுக்காது. மேட்டுச் சில்வர் ஓக் மரத்தடிக்குப் போக வேண்டும். அடிமேல் அடி வைத்து ஏறினேன். நாலாவது தடவைதான் லைன் கிடைத்தது.

டாக்டர் எல்லாவற்றையும் கேட்டார். "ஒரு வேளைதானே போட்டீங்க? இனிமே தொடாதீங்க. நாங்க குடுத்த மாத்திரைய நிறுத்தாதீங்க."

"ஏனுங்க டாக்டர், போயிருமுங்களா?"

லைன் போய்விட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன்.

"தெரியலம்மா. பொய் சொல்ல மாட்டேன். ஒண்ணும் ஆகாமயும் இருக்கலாம். பத்து நாள் கழிச்சு ரத்தம் பாத்தாத்தான் தெரியும்."

அவர் திட்டியிருந்தால் தேவலை. பத்து நாளை நான் எதை வைத்து நகர்த்துவது?

மதியம் என் வீட்டுக்காரர் தோட்டத்திலிருந்து வந்தார். ஜீவானந்தம் என்று பெயர். அதிர்ந்து பேசத் தெரியாது. நாலு நாளாக என்னைச் சொம்பைக்கூடத் தூக்க விடவில்லை. சோறாக்குவதும் அவர்தான், ரசம் வாயில் வைக்க விளங்காது.

காலைக் கழுவிக்கொண்டே கேட்டார். "இடுப்பு எப்படி இருக்குது கண்ணு?"

அப்போதுதான் கவனித்தேன். வலி இல்லை. ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட இடம், முதுகுத்தண்டு, தொடை, எங்கேயும் இல்லை. மாத்திரை நன்றாக வேலை செய்திருக்கிறது. எனக்குக் குளிர் அடித்தது.

"வலி இல்லீங்க."

அவர் முகம் மலர்ந்தது. "நொம்ப நல்லதாப் போச்சு! காலையில நீ சுருண்டு படுத்திருந்ததப் பாத்துட்டு எனக்குப் பறிக்கவே கை ஓடல."

சொல்லாமல் விட்டுவிடலாம் என்று ஒரு நொடி நினைத்தேன். பத்து நாள் இந்த மனுஷனாவது சிரித்துக்கொண்டிருக்கட்டும். ஆனால் வாய் நிற்கவில்லை. மடிப்பு, காப்பி, டாக்டர் சொன்னது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

சிரிப்பு அவர் முகத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஏன் போட்டாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் முதுகுப் பக்கம் திரும்பி, பழக்கறை ஏறிய கட்டைவிரலால் இடுப்பெலும்பில் அழுத்தினார்.

"இங்க வலிக்குதா?"

"இல்லீங்க."

"இங்க?"

"இல்லீங்க."

"நல்லாப் பாத்துச் சொல்லு சாமி. கொஞ்சமாச்சும் வலிக்குமே."

நான் கண்ணை மூடி என் உடம்பெல்லாம் தேடினேன். அவர் விரல் முதுகெலும்பில் ஒரு கணு மேலே ஏறியது, அழுத்திவிட்டுக் காத்திருந்தது, அடுத்த கணுவுக்கு ஏறியது.