தாழ்ப்பாள் தெருப்பக்கம்

நிபுணரின் வீட்டு ஹாலில் முதன்முதலாக மழை பெய்த அன்று தெருவில் ஒரு சொட்டு விழவில்லை. பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் துணிகள் மொறமொறவென்று காய்ந்துகொண்டிருந்தன. வெங்காயம் விலை ஏறியிருந்த வாரம் அது. தெருக்காரர்கள் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். மழைக்குக் காரணம் ஜன்னல், ஜன்னலுக்குக் காரணம் அந்த மனிதர், அந்த மனிதருக்குக் காரணம் யாரென்று அவருடைய மனைவிக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நிபுணர் என்பது தெரு வைத்த பட்டப்பெயர். கிண்டலுக்கு வைத்தார்கள், அவரோ மேடையில் மாலையோடு வாங்கியதுபோல் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். பழைய மர ஜன்னல்களை அத்தனை வருஷமும் பார்த்துக்கொண்டவள் மனைவி. ஈரத்தில் உப்பிக்கொள்ளும் கதவுக்கு மெழுகுவத்தி தேய்ப்பாள், கீலுக்கு மெஷின் எண்ணெய் விடுவாள், கண்ணாடியைப் பழைய பேப்பரால் துடைப்பாள். ஹால் ஜன்னலடியில் அவளுடைய தையல் மெஷின் கிடந்தது. ஊரார் துணியைப் பிரித்துத் தைத்துக் கொடுக்கிற வேலை. அந்த மெஷினும் அதன்மேல் விழுகிற வெளிச்சமும்தான் அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்தவை. ஜன்னலை மாற்றப்போகிறேன் என்று அவர் அறிவித்தபோது, "வெளிச்சம் குறையாமப் பாத்துக்குங்க" என்று ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "உனக்கு என்ன தெரியும்?" என்றார். மூச்சு விடுவதுபோல அதைச் சொல்வார்.

கடை கடையாக ஏறி இறங்கினார். சட்டங்களை விரல் முட்டியால் தட்டினார், கண்ணாடியில் காதை ஒட்டவைத்துக் கேட்டார், விற்கிறவன் வாயைத் திறக்கும் முன்னே அவனுக்கே பாடம் எடுத்தார். ஒரு கடையில் அவர் தலையைக் கண்டதும் ஷட்டரை இறக்கிவிட்டதாகக் கேள்வி. கடைசியில் சத்தம் புகாத இரட்டைக் கண்ணாடி போட்ட பிளாஸ்டிக் ஜன்னல்களைப் பிடித்தார். வெளிப்பக்கம் தேக்கு மாதிரி நிறமும் கோடும்; உள்பக்கம் வெறும் வெள்ளை, அதில் தாழ்ப்பாள். ஃபிட்டர் முதல் சட்டத்தைத் தூக்கி வைத்ததுமே நிபுணருக்குப் பொறுக்கவில்லை. "காசு போட்டவன் நான். தெருவுல போறவனுக்குத் தேக்கு, எனக்கு மொட்டை வெள்ளையா? திருப்பி மாட்டுப்பா." "சார், அப்புறம் தாழ்ப்பாள் வெளிய போயிடும், தண்ணி வடியிற ஓட்டை உள்ள வந்துடும்" என்று ஃபிட்டர் சொன்னான். ஒரு தடவைதான் சொன்னான். அவனுக்கு வீட்டுக்குப் போகிற அவசரம். "உங்க வீடு, உங்க இஷ்டம்" என்று எல்லா ஜன்னலையும் திருப்பி மாட்டிவிட்டு நடையைக் கட்டினான்.

அத்தோடு அந்த வீட்டின் உள்ளும் வெளியும் இடம் மாறிக்கொண்டன. ஹாலில் மழை பெய்தது, மழை விட்டதும் வெயில் கொளுத்தியது, சோபாவில் புல் முளைத்தது. டிவி மேல் காக்கை கூடு கட்டியது. பஸ் புகை மொத்தமும் சமையலறையில் வந்து நின்றது. தெருவோ நாளுக்கு நாள் வீடாகிப்போனது. கொசு இல்லை, தூசி இல்லை, எந்தக் காலமும் இதமான சூடு. அக்கம்பக்கத்தார் நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டு, நல்ல இடத்துக்கு அடித்துக்கொண்டார்கள். லாரி ஓட்டுகிறவர்கள்கூடத் தெருமுனையில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஓட்டிப் போனார்கள். ஓசியில் ஒரு ஹால் கிடைத்ததே என்று உட்கார்ந்திருந்தார்களே தவிர, அந்தப் பொம்பளை உள்ளே எப்படிக் குடித்தனம் நடத்துகிறாள் என்று ஒரு ஜென்மமும் கேட்கவில்லை.

நிபுணர் குடை பிடித்துக்கொண்டு பேப்பர் படித்தார். மெஷினில் துரு ஏறியது. யாரோ நம்பிக் கொடுத்த வெள்ளைச் சட்டையில் துருக்கறை பட்ட அன்று அவர் குடைக்கு எதிரே போய் நின்றாள். "ஏங்க, ஒரு மத்தியான வேலைங்க இது. 'தப்பாப் போச்சு'ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, ஃபிட்டரை நானே கூட்டிட்டு வரேன்." அவர் குடையைச் சற்றுச் சாய்த்து அவளைப் பார்த்தார். "ஜன்னல்ல ஒரு தப்பும் இல்ல. மழைக்குத்தான் வழி தெரியல."

அவள் மெஷினை இழுத்துக்கொண்டுபோய் ஜன்னலுக்கு அந்தப் பக்கம், தெருவில் போட்டாள். எண்ணெய் விட்டதும் துரு போனது, வெளிச்சமும் முன்னைவிட நன்றாகவே விழுந்தது. கட்டிலும் பாத்திரங்களும் பின்னாலேயே வந்து சேர்ந்தன. "நீங்களும் வாங்களேன்" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். என் வீட்டை விட்டு நான் எதற்கு வரவேண்டும் என்றுவிட்டார். வேளாவேளைக்குத் தாழ்ப்பாளைத் திறந்து தட்டை உள்ளே நீட்டுவாள், மறுபடி மூடுவாள். என்றைக்காவது அந்த வார்த்தை வரும் என்று ஒரு காதை அங்கேயே வைத்திருந்தாள், பைத்தியக்காரி. வருஷங்கள் போயின. வந்ததெல்லாம் "உப்பு கம்மி" என்பதுதான்.

பிறகு ஒரு வருஷம் அந்த வீட்டுக்குள் பேய்மழை பிடித்துக்கொண்டது. முன்கதவு பழைய மரக்கதவு. நனைந்து உப்பி நிலையோடு இறுகிவிட்டது. மெழுகுவத்தி தேய்க்க உள்ளே ஆளில்லை. தண்ணீர் அவர் இடுப்புக்கு ஏறியது. அவர் குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு கண்ணாடியை இரண்டு கையாலும் தட்டினார். உதடுகள் அசைந்தன. சத்தம் புகாது என்று அவர் தட்டித் தட்டிப் பார்த்து வாங்கிய கண்ணாடி, சொன்ன சொல் தவறாமல் ஒரு முனகலைக்கூட வெளியே விடவில்லை. "அக்கா, ஏதோ சொல்றாரு பாருங்க" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. மனைவி மெஷினை விட்டு எழுந்தாள். இத்தனை காலம் கழித்து அதைத்தான் சொல்கிறாரோ! ஓடிப்போய்த் தாழ்ப்பாளைத் திறந்தாள்.

"பாத்தியா?" என்றார் நிபுணர், தாடை வெடவெடக்க. "இவ்வளவு தண்ணியிலயும் வெளிய ஒரு சொட்டு ஒழுகுதா? யார் செலக்ஷன்!"

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. தலைச்சுமையை இறக்கி வைத்ததுபோல் இருந்தது, அவ்வளவுதான். "குடையை நேராப் பிடிங்க" என்று சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். அவர் மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கியிருந்தது; தன் பக்கத்தைப் பேப்பரால் துடைத்துவிட்டு மெஷினை மிதிக்க உட்கார்ந்தாள். தண்ணீர் சில நாளில் தானே வடிந்தது. சாப்பாட்டுத் தட்டு வேளை தவறாமல் போகிறது, காது மட்டும் இப்போது அங்கே இல்லை. வெளியே மழை பெய்கிறதா என்று யாராவது கேட்டால், அந்தத் தெருவில் எல்லோரும் நிபுணரின் வீட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறார்கள்.